ஆஸ்திரேலியா பிஆர் (நிரந்தரமா தங்குற விசா) இருக்கு, ஆனா திரும்பி வர முடியலையா? ஆர்ஆர்வி விசா எடுக்குறது எப்படின்னு முழுசா

2018 பொங்கல் முடிஞ்ச ரெண்டாவது நாள் ராத்திரி, மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல செக்-இன் கவுண்டர் முன்னாடி நின்னுட்டு இருக்கேன், பெட்டி ரெண்டும் தராசுல ஏறிடுச்சு, அம்மா குடுத்த முறுக்கு டப்பாவை எந்தப் பெட்டில வெச்சோம்னு யோசிச்சுட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு என் பாஸ்போர்ட்டை மூணு தடவை தேய்ச்சுட்டு "சார், சிஸ்டம் ஓகே காட்டல"ன்னு சொல்லுது. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நான் பிஆர்ம்மா, அஞ்சு வருஷமா சிட்னில இருக்கேன், வேலை, வீட்டு லோன் எல்லாம் அங்கதான்னு சொன்னேன். "பிஆர்தான் சார், ஆனா டிராவல் டேட் முந்தாநாளே முடிஞ்சிருச்சு"ன்னு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. ஜனவரி 14. அப்பா பைபாஸ் ஆபரேஷனுக்குன்னு மூணு வாரம் லீவு போட்டு வந்தவன், இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்னு தள்ளித் தள்ளி அந்தத் தேதியைத் தாண்டிட்டேன், அப்படி ஒரு தேதி இருக்குன்னே மறந்துட்டேன்.

டிராலி மேல உக்காந்து போன்லயே அப்ளை பண்ணேன், ஒரு மணி நேரத்துல விசா வந்துடுச்சு, ஆனா கவுண்டர் மூடிட்டாங்க, டிக்கெட் காசு போச்சு. என்னோடது ஈசி கேஸ், ஏன்னா நான் தேவையான நாளுக்கு மேலயே உள்ள இருந்திருந்தேன். அப்படி இல்லாதவங்க மாசக்கணக்குல ஊர்ல மாட்டிக்கிட்டதைப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க ஃபிரண்ட்ஸ்னு நிறைய பேருக்கு இந்த ஃபார்ம் ஃபில் பண்ணக் கூட உக்காந்திருக்கேன். நான் லாயர் இல்ல, மைக்ரேஷன் ஏஜென்டும் இல்ல, தெரிஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதல்ல இந்தக் குழப்பம் தீரணும்

ஆஸ்திரேலியா பிஆர் விசால ரெண்டு விஷயம் ஒண்ணா ஒட்டி இருக்கு. ஒண்ணு, அங்க காலத்துக்கும் தங்குற உரிமை. இன்னொண்ணு டிராவல் ஃபெசிலிட்டி, அதாவது வெளிய போயிட்டு திரும்ப பிஆராவே உள்ள வர்ற உரிமை. முதலாவதுக்குத் தேதி கிடையாது. ரெண்டாவதுக்கு உண்டு, வழக்கமா விசா கிராண்ட் ஆன நாள்ல இருந்து அஞ்சு வருஷம். 189, 190 ஸ்கில்டு விசா, 186 கம்பெனி ஸ்பான்சர் விசா, பார்ட்னர் விசா எதுல வந்திருந்தாலும் கதை இதுதான். நீங்க முதல்ல வந்து இறங்கின நாள்ல இருந்து கணக்கு இல்ல, கிராண்ட் லெட்டர்ல இருக்கிற தேதில இருந்து, இதுலயே பாதிப் பேர் கோட்டை விடுறாங்க.

அந்தத் தேதி முடியும்போது நீங்க எங்க இருக்கீங்கங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. ஆஸ்திரேலியாக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது, பிஆர் அப்படியே இருக்கும், வேலை, மெடிகேர்ங்கிற அரசு மருத்துவ வசதி, வீட்டு லோன் எதையும் அது தொடாது, வெளிநாடு போகாம இருக்கிற வரைக்கும் அந்தத் தேதியை மறந்துட்டுக் கூட வாழலாம். வெளிய இருக்கும்போது முடிஞ்சா பிஆர் விசாவே அன்னியோட செத்துடும், நீங்க "முன்னாள்" பிஆர் ஆயிடுவீங்க. திரும்ப பிஆரா உள்ள வரணும்னா ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா வேணும். சுருக்கமா ஆர்ஆர்வி, நம்பர் 155, 157.

இதை "பிஆர் ரினியூவல்"னு நம்மாளுங்க சொல்றாங்க, நானும் சொல்லியிருக்கேன். ஆனா ரினியூவல்னா சும்மா தேதி தள்ளி வைக்கிறதுன்னு தோணும், இது அப்படி இல்ல, புது விசா, புது அப்ளிகேஷன், புது முடிவு. இல்லைன்னும் சொல்லலாம் அவங்க.

தேதியை எங்க பாக்குறது

2015 செப்டம்பர்ல இருந்து பாஸ்போர்ட்ல விசா ஸ்டிக்கர் ஒட்டுறதே இல்ல, அதனால பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பிரயோஜனம் இல்ல. விசா குடுக்குற டிபார்ட்மென்ட்டான ஹோம் அஃபேர்ஸ் வெப்சைட்ல வீவோன்னு ஒரு செக்கிங் வசதி இருக்கு, மைவீவோ ஆப்பும் இருக்கு. கிராண்ட் நம்பரோ பழைய டிரான்ஸாக்‌ஷன் ரெஃபரன்ஸ் நம்பரோ போட்டு, பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி குடுத்தா உங்க விசா விவரம் வரும். அதுல "மஸ்ட் நாட் அரைவ் ஆஃப்டர்"னு ஒரு வரி இருக்கும். அந்தத் தேதிதான். பிடிஎஃப் எடுத்து வெச்சுக்கோங்க, போன் காலண்டர்ல ஆறு மாசம் முன்னாடி ஒரு அலாரம் போடுங்க, இப்பவே போடுங்க, படிச்சு முடிச்சுட்டுப் போடலாம்னு நெனச்சா மறந்துடும்.

அந்த வரியோட அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. அந்தத் தேதிக்குள்ள "கிளம்பணும்"னு இல்ல, "வந்து இறங்கணும்"னு. ஜூன் 8னு இருந்தா ஆஸ்திரேலியால முதல் ஏர்போர்ட்ல ஜூன் 8 முடியுறதுக்குள்ள இமிகிரேஷன் தாண்டணும். சென்னைல 7ஆம் தேதி ராத்திரி ஏறி சிங்கப்பூர்ல மாறினா 8ஆம் தேதி சாயங்காலம் ஆயிடும், நடுவுல ஒரு ஃபிளைட் லேட்டானா போச்சு. கடைசி நாள்ல வர்ற மாதிரி டிக்கெட் போடாதீங்க, ஒரு வாரமாவது விட்டு போடுங்க.

புது பாஸ்போர்ட் எடுத்திருந்தா விசா இன்னும் பழைய நம்பர்லதான் தொங்கிட்டு இருக்கும். அதை இம்மிஅக்கவுண்ட்ல (ஹோம் அஃபேர்ஸ் சைட்ல விசா வேலைக்குன்னு இருக்கிற ஆன்லைன் கணக்கு) அப்டேட் பண்ணணும், இல்லைன்னா படிவம் 929 அனுப்பணும். இதைப் பண்ணாம ஏர்போர்ட் போய், விசா நல்லாவே இருந்தும் "காட்டல"ன்னு மாட்டுறவங்க இருக்காங்க.

730: இந்த நம்பரை நெட்டுரு போடுங்க

அப்ளை பண்ற நாளுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல மொத்தம் ரெண்டு வருஷம், அதாவது 730 நாள், பிஆராவோ சிட்டிசனாவோ ஆஸ்திரேலியாக்குள்ள இருந்திருந்தா 155 விசால இன்னொரு அஞ்சு வருஷ டிராவல் ஃபெசிலிட்டி கிடைக்கும். தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, துண்டு துண்டா இருந்தாலும் கூட்டிக்கலாம். ஆனா பிஆரா இருந்த நாள் மட்டும்தான். ஸ்டூடன்ட் விசால நாலு வருஷம் இருந்தேன், அடுத்த விசா முடிவாகுற வரைக்கும் குடுக்குற பிரிட்ஜிங் விசால ஒன்றரை வருஷம் இருந்தேன்னு சேத்துக்கக் கூடாது.

இந்த இடத்துல இலங்கைத் தமிழர்கள் சில பேருக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். அகதிகளுக்குக் குடுக்குற தற்காலிக விசாவான டிபிவி, ஷெவ்ல வருஷக்கணக்குல இருந்துட்டு 2023 பிப்ரவரிக்கு அப்புறம் ரெசொல்யூஷன் ஆஃப் ஸ்டேட்டஸ்ங்கிற 851 விசா வாங்கினவங்களுக்கு, பிஆர் நாள் அந்த 851 கிராண்ட் ஆன தேதில இருந்துதான் ஓடுது, அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருஷம் இருந்திருந்தாலும் இந்தக் கணக்குல வராது. அந்த விசாவோட அஞ்சு வருஷமும் 2028ல முடிய ஆரம்பிக்கும், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கிராண்ட் லெட்டரை எடுத்துப் பாத்துக்கோங்க.

கணக்கு எப்படிப் போடுறதுன்னு எங்க அண்ணி கேஸை வெச்சே சொல்றேன். அண்ணிக்கு 2018 ஜூன் 8 கிராண்ட். 2019 மார்ச் 1 மெல்போர்ன் வந்தாங்க, நவம்பர் 30 அவங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு திருச்சி போனாங்க. அப்புறம் கொரோனா. 2020 மார்ச் 20ல இருந்து பார்டர் மூடியாச்சு, பிஆர் உள்ள வரலாம்னாலும் சீட் இல்ல, ஹோட்டல் குவாரன்டைன், 2021 ஏப்ரல் கடைசில இருந்து மே 15 வரைக்கும் இந்தியா ஃபிளைட்டையே நிறுத்தி வெச்சாங்க, அம்மாவை விட்டுட்டு வர மனசும் இல்ல. 2022 பிப்ரவரி 15 திரும்பி வந்தாங்க, டிசம்பர் 31 மறுபடி போனாங்க, 2023 ஜனவரி 10 வந்தாங்க. மே 20 அன்னிக்கு எனக்கு போன் பண்ணி "தம்பி, ஜூன் 8 முடியுதாம், இன்னிக்கே போட்டுரட்டுமா"ன்னு கேட்டாங்க. எக்செல்ல போட்டுப் பாத்தோம்:

2019 மார்ச் 1 – நவம்பர் 30: 275 நாள்
2022 பிப்ரவரி 15 – டிசம்பர் 31: 320 நாள்
2023 ஜனவரி 10 – மே 20: 131 நாள்

மொத்தம் 726. நாலே நாலு நாள் கம்மி! அன்னிக்கே போட்டிருந்தா அஞ்சு வருஷம் கிடைக்கிற கேஸ் ஒரு வருஷ கேஸா மாறியிருக்கும். அண்ணன் சிட்டிசன், அதனால அந்த ஒரு வருஷமாவது எப்படியும் வந்திருக்கும்னு வெச்சுக்கோங்க, ஆனா எதுக்கு? அண்ணி உள்ளதான் இருக்காங்க, ஜூன் 8 முடிஞ்சாலும் பிஆருக்கு ஒண்ணும் ஆகாது. வெயிட் பண்ணச் சொன்னேன். மே 24லயே 730 வந்துடும், ஆனா வந்த நாள் போன நாளை எப்படி எண்ணுவாங்களோங்கிற பயத்துல இன்னும் கொஞ்சம் தள்ளி ஜூன் 2 போட்டோம், அன்னிக்கு 739, வந்த போன அஞ்சு நாளைக் கழிச்சாலும் 734. சாயங்காலத்துக்குள்ள கிராண்ட் மெயில் வந்துடுச்சு.

இந்த அஞ்சு வருஷ ஜன்னல் நகர்ந்துட்டே இருக்கும்ங்கிறதை மறக்காதீங்க. நீங்க உள்ள இருந்தா தினம் ஒரு நாள் ஏறும். வெளிய இருந்தா ஏறாது, அது மட்டும் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நீங்க உள்ள இருந்த நாள் ஒண்ணு ஒண்ணா பின்னாடி உதிர்ந்துட்டே வரும். இன்னிக்கு 735 இருக்கு, ஊர்ல இருந்தபடியே அடுத்த மாசம் போட்டுக்கலாம்னு விட்டா அடுத்த மாசம் 705 ஆகியிருக்கலாம். உள்ள இருக்கிறவங்களுக்குக் காத்திருக்கிறது லாபம், வெளிய இருக்கிறவங்களுக்குப் பல நேரம் நஷ்டம்.

போன தேதி வந்த தேதி ஞாபகம் இல்லையா? பாஸ்போர்ட் ஸ்டாம்ப் இந்தியப் பக்கம் இருக்கும், பழைய போர்டிங் பாஸ் மெயில் தேடுங்க. எதுவும் கிடைக்கலைன்னா டிபார்ட்மென்ட்கிட்டயே உங்க மூவ்மென்ட் ரெக்கார்ட் கேக்கலாம், படிவம் 1359, இலவசம்தான். அவங்க முடிவு பண்றதே அந்த ரெக்கார்டை வெச்சுதான், அதனால உங்க எக்செல்லும் அதுவும் ஒத்துப் போகுதான்னு பாத்துக்கிறது நல்லது.

730 இல்லாதவங்க

இங்கதான் வேலையே இருக்கு.

கொஞ்ச நாள் இருந்திருக்கீங்க ஆனா 730 இல்லைன்னா, ஆஸ்திரேலியாவோட உங்களுக்குக் கணிசமான தொடர்பு இருக்குன்னு நிரூபிக்கணும், அதுவும் அந்தத் தொடர்பு ஆஸ்திரேலியாவுக்குப் பிரயோஜனமா இருக்கணும். வேலை, தொழில், கலாச்சாரம், குடும்பம் மாதிரி சொந்த வாழ்க்கை, இந்த நாலுல எதுவா வேணா இருக்கலாம். நிரூபிச்சா 155லயே ஒரு வருஷம் வரைக்கும் டிராவல் ஃபெசிலிட்டி. "எனக்கு ஆஸ்திரேலியா பிடிக்கும், என் புள்ளை அங்க படிக்கணும்னு ஆசை"ங்கிறது தொடர்பு இல்ல, ஆசை. புருஷனோ பொண்டாட்டியோ அங்க சிட்டிசனா இருந்து வேலை பாக்குறாங்க, புள்ளைங்க அங்க ஸ்கூல் போகுது, சொந்த வீடு இருக்கு, கவுன்சில் ரேட்ஸ்ங்கிற வீட்டு வரி கட்டுறீங்க, கையெழுத்தான வேலை ஆஃபர் இருக்கு, கம்பெனில பங்கு இருந்து அதை நீங்களே நடத்துறீங்க, இதெல்லாம் தொடர்பு.

கடைசியா வெளிய போய் தொடர்ந்து அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுன்னா தொடர்பு மட்டும் பத்தாது, இத்தனை நாள் ஏன் வரலைங்கிறதுக்கு வலுவான காரணமும் காட்டணும். வேலை நல்லா போயிட்டு இருந்துச்சு அதான் வரலைன்னா அது வலுவான காரணமா எடுபடுறது கஷ்டம்.

157ங்கிறது இன்னும் சின்னது. அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது உள்ள இருந்திருக்கணும், 730க்குக் கம்மி, தொடர்பும் பெருசா இல்ல, ஆனா மனிதாபிமானமா பாக்க வேண்டிய வலுவான காரணம் இருக்கு, குடும்பத்துல சாவு, கடுமையான நோய் இந்த மாதிரி. கிடைச்சா மூணு மாசம்தான். 155க்கு ஒண்ணு 157க்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட வேண்டாம், ஒரே அப்ளிகேஷன்தான், அவங்களே ரெண்டுக்கும் பாத்துடுவாங்க.

ஒரு வருஷம், மூணு மாசம்னு பாத்துட்டு மனசு விட்டுடாதீங்க. அதுவும் வந்து இறங்குறதுக்கான கெடுதான். அதுக்குள்ள உள்ள வந்துட்டா நீங்க முழு பிஆர், காலத்துக்கும் இருக்கலாம், ரெண்டு வருஷம் அசையாம உள்ள இருந்து 730 சேத்துட்டு அஞ்சு வருஷ விசா போட்டுக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் குடும்பம் அப்படித்தான் பண்ணாங்க, தங்கச்சி கல்யாணத்தைக் கூட வீடியோல பாத்துட்டு உக்காந்திருந்தாங்க, பாவம்தான், ஆனா வேற வழி இல்ல.

அப்ளிகேஷன் போடுறது

1. இம்மிஅக்கவுண்ட் லாகின். பிஆர் வாங்கினப்ப ஏஜென்ட் அக்கவுண்ட்ல பண்ணியிருந்தா உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு ஓப்பன் பண்ணிக்கோங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல. நியூ அப்ளிகேஷன் போய் லிஸ்ட்ல ரெசிடென்ட் ரிட்டர்ன் தேடுங்க. பேப்பர் ஃபார்மும் இருக்கு, படிவம் 1085, ஆனா ஆன்லைன்ல முடியுதுன்னா அதைத் தொடாதீங்க.

2. பாஸ்போர்ட் விவரம். நம்ம ஆளுங்க மாட்டுற இடம் இது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்து பேர் மட்டும் இருந்தா, அந்த ஒத்தைப் பேரை ஃபேமிலி நேம் கட்டத்துல போட்டு கிவன் நேமைக் காலியா விடணும். அப்பா பேரை நீங்களா எடுத்து சர்நேம் ஆக்காதீங்க. நடுவுல பாஸ்போர்ட் ரினியூ பண்ணும்போது அப்பா பேரைச் சேத்திருந்தா, பழைய விசால ஒரு மாதிரி புது பாஸ்போர்ட்ல வேற மாதிரி இருக்கும், அப்ப "வேற பேர் உண்டா"ங்கிற கேள்விக்கு ஆமான்னு சொல்லி பழைய பேரைக் குடுங்க. இல்லைன்னா சிஸ்டம் உங்களை வேற ஆளுன்னு நெனச்சு ஆட்டோமேட்டிக்கா கிராண்ட் ஆக வேண்டியது ஆபீஸர் மேசைக்குப் போய் உக்காந்துக்கும்.

3. இப்ப எங்க இருக்கீங்கங்கிற கேள்வி. உண்மையைச் சொல்லுங்க, உள்ள இருந்தும் போடலாம் வெளிய இருந்தும் போடலாம்.

4. ரெண்டு வருஷம் இருந்தீங்களாங்கிற கேள்வி. ஆமான்னா ஃபார்ம் சின்னதா முடிஞ்சிடும். இல்லைன்னா தொடர்பு, ஏன் வெளிய இருந்தீங்க, ஏன் திரும்பணும்னு கேள்விகள் விரியும். 728 வெச்சுக்கிட்டு "ஆமா"ன்னு அடிச்சு விடாதீங்க, அவங்ககிட்ட ஒவ்வொரு நாளும் இருக்கு.

5. கேரக்டர் கேள்விகள். போலீஸ் கேஸ், தண்டனை, இருந்தா இருக்குன்னு போடுங்க. ஏற்கெனவே தெரிஞ்சது தானேன்னு மறைக்கிறதுதான் பெரிய தப்பு, குற்றத்தை விட பொய் அதிகமா அடிக்கும்.

6. டாக்குமென்ட். 730 இருக்கிறவங்களுக்குப் பாஸ்போர்ட் முதல் பக்கத்தோட பெரும்பாலும் கதை முடிஞ்சது. மெடிக்கல் எல்லாம் கிடையாது.

7. பீஸ். ஆளுக்கு ஏறக்குறைய 500 ஆஸ்திரேலிய டாலர் பக்கம் வருது, வருஷா வருஷம் ஜூலை 1 ஏத்துவாங்க, அதனால போடுற அன்னிக்கு சைட்ல இருக்கிறதைப் பாருங்க. கார்டு சர்சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனாலும் திரும்ப வராது. குடும்பத்துல நாலு பேர்னா நாலு அப்ளிகேஷன், நாலு பீஸ், ஒண்ணா சேத்துப் போடுற வசதி இதுல இல்ல. என் பாக்கெட்டைக் கேட்டா இது கொஞ்சம் ஓவர்தான்.

காசு கட்டினதும் மெயில் வரும். நேரான கேஸ்ல சில நிமிஷத்துலயே கிராண்ட் வர்றது சகஜம். தொடர்பு காட்டுற கேஸ் ஆபீஸர் பாக்கணும், வாரம் ஆகலாம், மாசக்கணக்கும் ஆகலாம், அது வர்றதுக்கு முன்னாடி டிக்கெட் போடாதீங்க. ரொம்ப முன்னாடியே போடுறதுலயும் லாபம் இல்ல, புது அஞ்சு வருஷம் கிராண்ட் ஆகுற நாள்ல இருந்துதான் ஓடும், பழசுல மிச்சம் இருந்ததை இதுல கூட்டித் தர மாட்டாங்க.

லெட்டர் எழுதுறது

தொடர்பு கேஸ்ல உயிர் நாடியே லெட்டரும் அதுக்குப் பின்னாடி வர்ற பேப்பரும்தான். ஒரு ஏஜென்ட் எழுதின லெட்டர் ஒண்ணு பாத்தேன், நாலு பக்கம், ஆஸ்திரேலியாவோட இயற்கை அழகைப் பத்தியே ஒரு பக்கம், ஏதோ டூரிசம் விளம்பரம் மாதிரி. ஆபீஸருக்கு அது எதுக்கு? அவருக்கு வேண்டியது தேதி, என்ன நடந்துச்சு, அதுக்கு என்ன ஆதாரம்.

இப்படி எழுதுங்க: "2019 டிசம்பர்ல அப்பாவுக்கு பக்கவாதம் வந்தது, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி இணைப்பு 3. நான் ஒரே பிள்ளை, அம்மாவுக்கு 71 வயசு, அவங்க மெடிக்கல் ரிப்போர்ட் இணைப்பு 4. 2023 ஆகஸ்ட்ல அப்பா காலமானார், இறப்புச் சான்றிதழ் இணைப்பு 5. இந்தக் காலம் முழுக்க என் கணவர் மெல்போர்ன்ல முழு நேர வேலைல இருந்தார், பே ஸ்லிப் இணைப்பு 6. வீட்டு லோன் என் பேர்லயும் இருக்கு, ஸ்டேட்மென்ட் இணைப்பு 7." ஒவ்வொரு வரிக்கும் ஒரு பேப்பர். பேப்பர் இல்லாத வரியை எடுத்துடுங்க, அழகா இருந்தாலும் எடுத்துடுங்க. தமிழ்ல இருக்கிற சர்டிபிகேட்டுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு சேத்து வைங்க, ஒரிஜினலையும் ஸ்கேன் பண்ணி வைங்க.

சேக்க வேண்டியது: ஏடிஓ (வருமான வரி ஆபீஸ்) குடுக்குற நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், சூப்பர் (ஓய்வூதிய சேமிப்பு) ஸ்டேட்மென்ட், கவுன்சில் ரேட்ஸ், வேலை கான்ட்ராக்ட், புள்ளைங்க ஸ்கூல் லெட்டர், அங்க இருக்கிற குடும்பத்தோட சிட்டிசன் சர்டிபிகேட் இல்ல பாஸ்போர்ட். தொழில்னா ஏபிஎன்ங்கிற தொழில் பதிவு நம்பர், கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன், ஜிஎஸ்டி கணக்கு. பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம் சொல்லித் தர்றவங்க, தமிழ்ப் பள்ளிக்கூட டீச்சருங்க, நிகழ்ச்சி அழைப்பிதழ், சங்கத்தோட லெட்டர் எல்லாம் கலாச்சாரத் தொடர்புல வைக்கலாம், ஆனா அது மட்டுமே தனியா நின்னு தாங்கும்னு நம்பிடாதீங்க.

தெரியாம பண்ற பெரிய தப்புங்க

பிஆர் இன்னும் உயிரோட இருக்கும்போது விசிட்டர் விசா போடாதீங்க. "ஆர்ஆர்வி லேட் ஆகுது, டூரிஸ்ட்ல போய்ட்டு வந்துடலாம்"னு சில பேர் ஐடியா குடுப்பாங்க. புது விசா அமலுக்கு வந்தா பழைய விசா தானா முடிஞ்சிடும், பிஆரைக் குடுத்து டூரிஸ்ட் விசா வாங்கின கதை ஆயிடும். பிஆர் ஏற்கெனவே செத்துப் போனவங்க நிலைமை வேற, அவங்க அவசரத்துக்கு விசிட்டர்ல வந்து உள்ள இருந்து ஆர்ஆர்வி போடுறதும் உண்டு, ஆனா அந்த ரூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நல்ல ஏஜென்டைப் பாருங்க. நல்ல ஏஜென்ட்னா பதிவு நம்பர் இருக்கிறவர், அந்த நம்பரை மாராங்கிற, ஏஜென்ட்டுங்களைப் பதிவு பண்ற அரசு அமைப்போட வெப்சைட்ல போட்டு நீங்களே செக் பண்ணலாம். 730 தெளிவா இருக்கிற கேஸுக்கு ஆயிரம் டாலர் கேக்குற ஆளுங்களும் இருக்காங்க, பதினஞ்சு நிமிஷ வேலைக்கு.

ஆஸ்திரேலியால பிறந்த குழந்தைக்கு, பிறக்கும்போது அப்பாவோ அம்மாவோ பிஆரா இருந்தா, அது பிறப்புலயே சிட்டிசன். அதுக்கு ஆர்ஆர்வி கிடையாது, ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்தான் எடுக்கணும். ஊர்ல பிறந்த குழந்தை உங்க பிஆரால தானா பிஆர் ஆயிடாது, அதுக்குத் தனி விசா. 18 வயசுக்குக் கீழ பிஆர் இருக்கிற புள்ளைக்கு ஆர்ஆர்வி போடும்போது கூட வராத அப்பாவோ அம்மாவோ சம்மதம் குடுத்து படிவம் 1229ல கையெழுத்துப் போட வேண்டி வரலாம், பிரிஞ்சு இருக்கிற குடும்பங்கள் இதை முன்னாடியே யோசிச்சு வைங்க.

சிட்டிசன்ஷிப் அப்ரூவல் லெட்டர் வந்துடுச்சு, இனிமே எதுக்கு ஆர்ஆர்வின்னு கிளம்பிடாதீங்க. செரிமனில உறுதிமொழி எடுக்குற வரைக்கும் நீங்க பிஆர்தான், டிராவல் தேதி முடிஞ்சிருந்தா வெளிய போனா திரும்ப வர்றது சிக்கல். உறுதிமொழி எடுத்த அந்த நிமிஷத்துல இருந்து விசாவே கிடையாது, ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் வெளிநாட்டுப் பயணம். இந்தியா ரெட்டைக் குடியுரிமை தராததால நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் பிஆர்லயே காலத்தை ஓட்டுறாங்க, இந்திய பாஸ்போர்ட்டை விட மனசு வராது, அது அவங்கவங்க இஷ்டம், ஆனா அப்படி இருக்கிறவங்களுக்கு இந்த அஞ்சு வருஷக் கணக்கு ஆயுசு முழுக்க கூடவே வரும்.

இல்லைன்னு சொல்லிட்டா

ரிஜெக்‌ஷன் லெட்டரை முதல் பக்கத்துல இருந்து படிக்காதீங்க, கோவம்தான் வரும். கடைசிப் பக்கங்கள்ல மறுபரிசீலனை கேக்க உரிமை இருக்கா, எத்தனை நாளுக்குள்ளன்னு போட்டிருப்பாங்க, அதை முதல்ல படிங்க. மறுபரிசீலனை பண்ற தீர்ப்பாயம் முன்னாடி ஏஏடின்னு இருந்தது 2024 அக்டோபர் 14ல இருந்து ஏஆர்டின்னு மாறியிருக்கு, பழைய குறிப்புகள்ல ஏஏடின்னு இருந்தா குழம்பாதீங்க. நீங்க உள்ள இருக்கீங்களா வெளிய இருக்கீங்களாங்கிறதைப் பொறுத்து உரிமை மாறும், கெடு ஒரு நாள் தவறினாலும் கதவு மூடிடும். எந்த விஷயத்துக்கு ஆதாரம் பத்தலைன்னு லெட்டர்லயே எழுதியிருப்பாங்க, அதுக்குப் பேப்பர் உங்ககிட்ட புதுசா இருந்தா மறுபடி புதுசா அப்ளை பண்றதுக்குத் தடை இல்ல, பல நேரம் அதுவே சீக்கிரம் முடியும். பேப்பர் இல்லாம அதே லெட்டரை மறுபடி அனுப்புறதுக்கு அந்த 500 டாலருக்கு அம்மாவுக்கு ஒரு மிக்ஸி, கிரைண்டர் வாங்கிக் குடுத்துடலாம்.

கிராண்ட் வந்தவங்க, லெட்டரை போன்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, பிரிண்ட் ஒண்ணு வெச்சுக்கோங்க. கிளம்புற அன்னிக்கு வீட்ல இருந்தே வீவோல ஒரு தடவை பாஸ்போர்ட் நம்பர் போட்டுப் பாருங்க. நான் இப்பவும் பாத்துட்டுத்தான் டாக்ஸியே புக் பண்றேன், அம்மா "என்னடா மறுபடியும் போனையே நோண்டிட்டு இருக்க"ன்னு முறுக்கு டப்பாவோட நிப்பாங்க.